அத்தியாயம் 7: பழைய ஏர் கன்னை மீட்டெடுத்தல்

மெரினா மணலில் பலூன் பலகைக்கு எதிரே நின்று சுட்டவர்களுக்கு இந்தத் துப்பாக்கி தெரியும். கடைக்காரர் குழலைத் தட்டி மடக்குவார், ஒரு ரவையைச் சொருகுவார், நிமிர்த்தி நம் கையில் கொடுப்பார். உப்புக்காற்று தின்ற குழல், கறுப்பு டேப் சுற்றிய கட்டை, ஒரு பக்கம் சாய்ந்த முன்குறி. அப்படியும் அது மாலை முழுவதும் சுட்டுக்கொண்டே இருக்கும். அதே வகைத் துப்பாக்கிகள் வீட்டுப் பரண்களிலும் தோப்பு மோட்டார் அறைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் துருவேறிக் கிடக்கின்றன. ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், ஒரு வாஷர், ஒரு குழல்: இவ்வளவுதான் இதன் உள்ளுறுப்புகள். ஐம்பது, அறுபது வயதான ஒன்றைக்கூட வீட்டு மேசையில் வைத்து உயிர்ப்பிக்க முடிவது இந்த எளிமையால்தான்.

நான் முதலில் கைவைத்தது ஒரு டயானா 27. குழல் முழுவதும் செந்துரு. மோட்டாரில் சுழலும் உப்புத்தாள் சக்கரத்தைப் பிடித்து ஒரே பகலில் வெள்ளி போல ஆக்கிவிட்டேன். அந்தத் துப்பாக்கிகளில் சிலிண்டரின் பின்முனையில், இடப்பக்கம், தயாரித்த மாதமும் ஆண்டும் சின்ன எண்களாகக் குத்தப்பட்டிருக்கும். துருவோடு அந்த எண்களும் போய்விட்டன. எந்த ஆண்டில் பிறந்த துப்பாக்கி அது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த இழப்பிலிருந்து கற்ற பாடம்தான் இந்த அத்தியாயத்தின் ஒரே விதி: திரும்பச் சேர்க்க முடியாத எதையும் எடுக்காதீர்கள். துருவை எடுக்கலாம், இரும்பை எடுக்கக் கூடாது. அழுக்கை எடுக்கலாம், மரத்தை எடுக்கக் கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையிலும் மென்மையான வழி முதலில் வரும். அது பலிக்காதபோது மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

உள்ளே நடப்பது என்ன

பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் இயக்கம் தெரிந்திருக்க வேண்டும். குழலை மடக்கும்போது அதோடு இணைந்த நெம்புகோல் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஸ்பிரிங் நெருங்கிச் சுருங்குகிறது. பிஸ்டன் தண்டைப் பின்னாலிருக்கும் கொக்கி பிடித்துக்கொள்கிறது. ட்ரிக்கரை அழுத்தியதும் கொக்கி விடுபட, பிஸ்டன் முன்னால் பாய்ந்து சிலிண்டரிலுள்ள காற்றை அழுத்துகிறது. அழுந்திய காற்று சில நூறு டிகிரி சூடேறி, சிலிண்டரின் முன்முனையிலுள்ள சிறிய துளை வழியாகப் பாய்ந்து ரவையைத் தள்ளுகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இதிலிருந்து மூன்று செய்திகள் தெளிவாகும். முதலாவது, துப்பாக்கி இரண்டு பக்கமும் உதைக்கும்: பிஸ்டன் கிளம்பும்போது பின்னாலும், முன்முனையில் நிற்கும்போது முன்னாலும். கட்டையின் திருகுகள் அடிக்கடி தளர்வது அதனால்தான். இரண்டாவது, ரவை இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது. ரவை தடுப்பதால்தான் காற்று மெத்தை போல நின்று பிஸ்டனைத் தாங்குகிறது. அது இல்லாவிட்டால் பிஸ்டன் நேராக இரும்பில் மோதும். மூன்றாவது, சிலிண்டருக்குள் மெஷின் எண்ணெய் விடக் கூடாது. அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவி டீசல் இஞ்சினில் பற்றுவது போலவே பற்றும். சத்தமும் புகையும் வரும். ஸ்பிரிங்கும் வாஷரும் கெடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டயானா என்ற பெயரோடு கொஞ்சம் கவனம் தேவை. ஜெர்மனியில் ராஸ்டாட் நகரில் 1890-இல் தொடங்கிய மாயர் அண்டு கிராமெல்ஸ்பாகர் நிறுவனத்தின் பெயர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பெயரும் இயந்திரங்களும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனத்துக்குப் போயின. பல ஆண்டுகள் இரண்டு நாடுகளிலும் வெவ்வேறு துப்பாக்கிகள் உருவாயின. ஜெர்மனியில் செய்தவை பிரிட்டனில் 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்றன. டயானா 27, 35 ஆகியவற்றின் அமைப்பைப் பின்பற்றி இந்தியாவிலும் பலர் செய்திருக்கிறார்கள். ஆகவே மேலே பொறித்த பெயரை மட்டும் நம்பி உதிரிபாகம் வாங்காதீர்கள். பழைய பாகத்தை அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். ஐங்கோணத்துக்குள் 'எஃப்' எழுத்து குத்தியிருந்தால், அது 1970-க்குப் பிந்தைய ஜெர்மன் தயாரிப்பு, 7.5 ஜூலுக்கு மேற்படாதது என்று பொருள்.

கையில் எடுத்ததும் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. குழல் வளைந்திருக்கிறதா? குழல் மடக்கிய நிலையில் யாரோ ட்ரிக்கரை அழுத்தியிருந்தால் குழல் அறைந்து மூடி, மேல்நோக்கி வளைந்திருக்கும். முனையிலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். பின்குறியைக் கடைசி வரை இறக்கியும் துப்பாக்கி மேலே சுட்டால் சந்தேகம் உறுதி.

2. குழலை நிமிர்த்திப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். லேசான ஆட்டம் அச்சு போல்ட்டை இறுக்கினால் போகும். கடகடவென்று ஆடினால் அச்சு வாஷர்கள் தேய்ந்திருக்கும்.

3. கட்டையின் முன்பகுதி இரு கிளையாகப் பிரியும் இடத்தையும் ட்ரிக்கர் வளையத்துக்குப் பின்னுள்ள கழுத்தையும் நகத்தால் தடவுங்கள். விரிசல் அங்கேதான் வரும்.

4. குழல் முனையின் உள்விளிம்பில் பஞ்சுக் குச்சியைச் சுழற்றுங்கள். நார் சிக்கினால் அந்த இடத்தில் காயம் இருக்கிறது. ரவை கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் காயம் இருந்தால் எவ்வளவு நன்றாகக் குறிபார்த்தாலும் ரவை விலகும்.

5. மடக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். இது பயப்பட வேண்டிய குறை இல்லை, மாற்றிவிடலாம்.

குழல் நேராக இருந்து, சிலிண்டர் உள்ளே கீறல் இல்லாமல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். குழலும் சிலிண்டரும் போயிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஏர் கன்களுக்கு 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூல் ஆற்றல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. அதைத் தாண்டியதற்கு உரிமம் வேண்டும். வாங்கும்போது எழுத்துப்பூர்வமான ரசீதும் விற்பவரின் அடையாளமும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் வேட்டையாடுவது குற்றம். ஏர் கன்னால் காடுகள் எவ்வளவு அமைதியிழந்தன என்பதற்கு அருணாச்சலப் பிரதேசம் சாட்சி: 2021-இல் அங்கே தொடங்கிய ஒப்படைப்பு இயக்கத்தில் கிராம மக்கள் தாங்களாகவே முன்வந்து தங்கள் ஏர் கன்களை அரசிடம் கொடுத்தார்கள். நாம் மீட்கும் துப்பாக்கி காகித இலக்குக்கு மட்டுமே. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

தேவையான பொருள்கள்

- நுனி கச்சிதமாகப் பொருந்தும் திருப்புளிகள். பொருந்தாத திருப்புளி திருகுத் தலையைக் கிழித்துவிடும். தேவையானால் அரத்தால் நுனியைச் சரியான கனத்துக்கு ராவிக்கொள்ளுங்கள்.
- தச்சர்கள் பலகை ஒட்டப் பயன்படுத்தும் நீண்ட கிளாம்ப். ஸ்பிரிங்கைப் பாதுகாப்பாக அடக்கி வைக்க இது கட்டாயம்.
- பித்தளை அல்லது அலுமினியக் கம்பியில் செய்த ஊசி தட்டி, சிறிய சுத்தியல்.
- நான்கு சுழி என்று சொல்லும் மிக மெல்லிய ஸ்டீல் உல். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் வேண்டாம்.
- மண்ணெண்ணெய், அசிட்டோன், வேஸ்ட் துணி, ரப்பர் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி.
- மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ், மெல்லிய மெஷின் எண்ணெய்.
- கட்டைக்கு: ஆளி விதை எண்ணெய் அல்லது அரக்குப் பாலிஷ், தேன்மெழுகு.
- ஒரு நோட்டு, ஒரு பேனா, படம் எடுக்க ஒரு போன்.

பிரித்தல்

முதலில் உறுதிசெய்ய வேண்டியவை இரண்டு: குழலில் ரவை இல்லை, ஸ்பிரிங் விசையேற்றிய நிலையில் இல்லை. மடக்கியபடியே சிக்கிக்கொண்ட துப்பாக்கி என்றால் குழலை உறுதியாகப் பிடித்தபடிதான் எதையும் செய்ய வேண்டும். குழல் திறந்திருக்கும்போது ட்ரிக்கர் பக்கம் விரல் போகவே கூடாது. அறைந்து மூடும் குழலுக்கு விரல் எலும்பை உடைக்கும் வலு இருக்கிறது.

ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கள். திருகுகளை ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஓர் அட்டையில் துப்பாக்கியின் உருவம் வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும் இரண்டு திருகுகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். இடம் மாறினால் நெம்புகோலில் உரசும்.

கட்டையின் முன்பக்கத் திருகுகளையும் ட்ரிக்கர் வளையத் திருகுகளையும் கழற்றினால் இரும்புப் பகுதி தனியாக வந்துவிடும். துருப்பிடித்து இறுகிய திருகை வலுவாகத் திருப்ப வேண்டாம். மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் பழுக்கக் காய்ந்த சால்டரிங் நுனியைத் தலைமேல் வைத்துச் சூடேற்றிய பிறகு திருப்புங்கள்.

அடுத்து கிளாம்ப். சிலிண்டரின் முன்முனையை ஒரு பக்கமும் ட்ரிக்கர் தொகுதியின் பின்பக்கத்தை மறுபக்கமும் மரத்துண்டு வைத்துப் பிடியுங்கள். விசையேற்றாத நிலையிலும் ஸ்பிரிங் பல சென்டிமீட்டர் அழுத்தத்தோடுதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்தியிருப்பவை குறுக்கே போகும் ஊசிகள் மட்டுமே. கிளாம்பைச் சற்று இறுக்கி, ஊசிகள் மேல் பாரம் இல்லாதபடி செய்து, பித்தளைக் கம்பியால் தட்டி எடுங்கள். பிறகு கிளாம்பைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். உங்கள் முகம் ஒருபோதும் அந்தக் கோட்டில் இருக்கக் கூடாது.

டயானா 27-இன் ட்ரிக்கர் தொகுதியில் மூன்று எஃகுக் குண்டுகள் பிஸ்டன் தண்டைப் பிடிக்கின்றன. மெல்லிய, தெளிவான ட்ரிக்கருக்காகப் பலர் இன்றும் இந்தத் துப்பாக்கியைத் தேடுவது இந்த அமைப்பால்தான். தொகுதி வெளியே வரும்போது குண்டுகள் உருண்டு ஓடும். கீழே வெள்ளைத் துணி விரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிறகு அச்சு போல்ட்டைக் கழற்றிக் குழலை விடுவித்து, நெம்புகோலைப் பிஸ்டனின் பள்ளத்திலிருந்து விலக்கினால் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

வாஷரும் ஸ்பிரிங்கும்

இந்தத் துப்பாக்கியின் உயிர் பிஸ்டன் தலையிலிருக்கும் வாஷர். பழைய டயானாக்களில் அது தோல். சைக்கிள் பம்புக்குள் இருக்கும் தோல் கிண்ணத்துக்கும் தெரு அடிபம்பின் வாஷருக்கும் வேலை ஒன்றே: காற்றோ நீரோ பின்னால் நழுவாமல் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டி நிற்பது. தோல் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் காற்று நழுவும், துப்பாக்கி சோர்ந்துபோகும். விற்பவர் 'ஸ்பிரிங் போயிடுச்சு' என்று சொல்லும் பல துப்பாக்கிகளில் போயிருப்பது வாஷர்தான்.

எடுத்துப் பாருங்கள். விளிம்பு கிழியாமல் வெறுமனே காய்ந்திருந்தால் மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் குளம்பெண்ணெயில் ஒரு நாள் ஊறவிடுங்கள், பெரும்பாலும் உயிர்பெற்றுவிடும். கிழிந்திருந்தால் புதிதாகச் செய்துகொள்ளலாம். இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் தோலைவிடப் பொருத்தமானது தேடினாலும் கிடைக்காது. ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிக்கும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் நம் தோல் ஷாப்புகளின் பழைய கைவண்ணம். மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தில் வைத்து அழுத்திய வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். குரோமில் பதனிட்ட தோல் அப்படி நிற்காது.

மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வட்டம் வெட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். சிலிண்டரின் உள்விட்டத்துக்குச் சமமான ஓட்டையுள்ள மரத்துண்டில் வைத்து, உள்ளே பொருந்தும் உருளையால் அழுத்திக் கிண்ணமாக்குங்கள். இரண்டு நாள் நிழலில் காயட்டும். கூரிய கத்தியால் விளிம்பைச் சமமாக நறுக்கி, குளம்பெண்ணெயில் ஊறவையுங்கள். சிலிண்டருக்குள் தள்ளினால் லேசான இறுக்கத்தோடு போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் அது பெரியது.

ஸ்பிரிங்கைத் துடைத்துக் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். நேரானது சீராக உருளும். வளைந்தது தத்தித் தத்திப் போகும். வளைந்ததை நிமிர்த்த முயலாமல் மாற்றுங்கள். அதே கம்பிக் கனம், அதே வெளிவிட்டம், அதே சுற்று எண்ணிக்கை. வலுவான ஸ்பிரிங் போட்டால் துப்பாக்கி கூடுதல் சக்தி பெறும் என்று பலர் நினைக்கிறார்கள். மடக்கக் கடினமாகும், உதை கூடும், குறி கெடும், கொக்கி தேயும். வடிவமைத்தவர்கள் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று ஈடாக அளந்து வைத்திருக்கிறார்கள். அதை மதியுங்கள்.

சிலிண்டரின் உட்புறத்தை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடையுங்கள். குழலுக்குள்ளே உப்புத்தாளோ எமரியோ போகவே கூடாது. நல்ல ஏர் கன் குழல்களில் பெரும்பாலும் 12 நுண் பள்ளங்கள் சுருளாக ஓடுகின்றன. ரவையைச் சுழலச் செய்வது அவைதான். நூலில் கட்டிய துணித்துண்டை அடிவாயிலிருந்து முனை நோக்கி இழுத்தால் போதும்.

துருவைக் கறுப்பாக மாற்றுதல்

இப்போது நான் முதலில் தவறவிட்ட இடத்துக்கு வருகிறோம். பழைய துப்பாக்கியின் நீலக் கறுப்பு நிறம் பெயிண்ட் அல்ல. அதுவும் ஒருவகைத் துருவே. இரும்பு ஆக்சிஜனோடு சேரும் விதங்களில் இரண்டு இங்கே முக்கியம். செந்துரு இரும்பைத் தின்றுகொண்டே போகும். கறுப்புத் துரு, அதாவது மேக்னடைட், இறுகப் படிந்து இரும்பைக் காக்கும். செந்துருவைக் கொதிநீரில் இட்டால் அது கறுப்பாக மாறும். பழைய துப்பாக்கிக் கொல்லர்கள் குழல்களுக்கு நிறமேற்றியது இந்த வழியில்தான். நாமோ ஏற்கெனவே வந்துவிட்ட செந்துருவையே மூலப்பொருளாகப் பயன்படுத்தப் போகிறோம்.

1. லேசான துரு என்றால் கொதிக்க வைக்கவே வேண்டாம். எண்ணெய் விட்டு, நான்கு சுழி ஸ்டீல் உல்லால் நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். பல துப்பாக்கிகளில் துருவுக்கு அடியில் பழைய நீலம் பத்திரமாக இருப்பதைப் பார்த்து நீங்களே வியப்பீர்கள்.

2. ஆழமான துரு என்றால் எல்லா ரப்பர், பிளாஸ்டிக், தோல் பாகங்களையும் கழற்றிவிட்டு, அசிட்டோனால் எண்ணெய் முழுவதையும் துடையுங்கள். இனி கையுறை இல்லாமல் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் மாறாது.

3. கேட்டரிங் கடைகளில் கிடைக்கும் நீளமான எவர்சில்வர் ட்ரேயில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பிக் கொதிக்க வையுங்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள உப்பும் குளோரினும் புள்ளி விழச் செய்யும்.

4. பாகத்தைக் கம்பியில் கட்டி 20 முதல் 30 நிமிடம் முழுகவிடுங்கள். செந்நிறம் கண்ணெதிரே மங்கிக் கறுக்கும்.

5. எடுத்ததும் சூட்டிலேயே நீர் உலரும். குழலின் உள்ளே உடனே துணி இழுத்துக் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். வெளியே ஸ்டீல் உல்லால் மிக மெதுவாகத் துடைத்தால் மேலே படிந்த கறுப்புத் தூள் போய், இறுகிய கறுப்பு நிற்கும்.

6. செம்மை மிச்சமிருந்தால் திரும்பவும் செய்யுங்கள். முடிந்ததும் எண்ணெய் பூசி ஒரு நாள் விடுங்கள்.

இரும்பில் துரு தின்ற குழிகள் அப்படியே இருக்கும். இருக்கட்டும். அவற்றை அழிக்கச் சுற்றியுள்ள நல்ல இரும்பையும் எண்களையும் எழுத்துகளையும் ராவ வேண்டியிருக்கும்.

கடையில் கிடைக்கும் குளிர் நீலக் கரைசல், கீறல்களுக்கும் திருகுத் தலைகளுக்கும் மட்டும் போதும். அதில் செலினியம் சேர்மம் இருக்கும், அது நச்சு. கையுறை, காற்றோட்டம், குழந்தைகள் எட்டாத இடம் மூன்றும் தேவை. முழுக் குழலுக்கும் பூசினால் திட்டுத்திட்டாகத் தெரியும், சீக்கிரமே தேயும். காஸ்டிக் சோடா கொதிநிலைக் குளியல் முறையை வீட்டில் முயலவே வேண்டாம். தெறித்தால் கண்ணைப் பறிக்கும்.

கட்டை

டயானா கட்டைகள் பெரும்பாலும் பீச் மரம். இளநிற மரத்துக்கு வால்நட் சாயம் ஏற்றி மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். உப்புத்தாள் வைத்தால் சாயம் ஒரு பக்கம் போய், ஒரு பக்கம் நிற்கும். இரும்பும் மரமும் சேரும் கூரிய விளிம்பு வட்டமாகிவிடும். கைப்பிடியின் கட்டம்போட்ட செதுக்கல் மழுங்கும். அப்படிப் 'புதுசு பண்ணிய' துப்பாக்கியை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம்: இரும்பு மரத்தைவிட மேலே துருத்திக்கொண்டு நிற்கும்.

முதல் படி, கழுவுதல். பிழிந்த துணியில் மிதமான சோப்பு நீர், உடனே உலர்ந்த துணி. பல கட்டைகளுக்கு இதற்கு மேல் தேன்மெழுகு மட்டும் போதும்.

இரண்டாவது, குழிகளைத் தூக்குதல். மரம் நசுங்கிய இடத்தில் ஈரத் துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியின் நுனியைச் சில விநாடிகள் வையுங்கள். ஆவி புகுந்து நார்கள் உப்பி மேலெழும். இரண்டு மூன்று முறை செய்தால் குழி மறையும். நார் அறுபட்ட வெட்டுக்காயம் மட்டும் எழாது; அதை அப்படியே விடுங்கள்.

மூன்றாவது, விரிசல். அசிட்டோனால் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு குழாயில் வரும் எபாக்ஸி பசையை மெல்லிய அட்டையால் உள்ளே செலுத்தி, துணி சுற்றிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்துக்குச் சுண்ணாம்புக்கல் தூளை அசிட்டோனில் குழைத்து அப்புங்கள். காயும்போது எண்ணெயைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும்.

பூச்சு முழுவதும் உரிந்துபோயிருந்தால் மட்டும் புதிதாகப் பூசுங்கள். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் பழையது அரக்கு. அதே அரக்குப் பாலிஷை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிதாகப் பூசினால் பழையதோடு ஒன்றாகக் கலந்துவிடும். இல்லையென்றால் ஆளி விதை எண்ணெய். துணியால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்து, இரண்டு நாள் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் நாளாகும். நான்கைந்து பூச்சு போதும். முக்கியமான எச்சரிக்கை: ஆளி எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது நீர் நிரம்பிய தகர டப்பாவில் போடுங்கள்.

பூட்டுதலும் சோதனையும்

பிரித்ததற்கு எதிர் வரிசையில் பூட்டுங்கள். பிஸ்டனின் பின்பகுதியிலும் ஸ்பிரிங்கிலும் கறுப்பு கிரீஸ் படலம் போல மட்டும்; வாஷருக்கு முன்னால் கிரீஸ் கூடாது. மூன்று குண்டுகளையும் ஒரு பொட்டு கிரீஸில் ஒட்டி உட்காரவையுங்கள். கிளாம்ப் இல்லாமல் ஸ்பிரிங்கைக் கையால் அழுத்த முயலாதீர்கள்.

குழலின் அடிவாயில் இருக்கும் சிறு வளையத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது தட்டையாகியிருந்தால் காற்று அங்கேயே கசியும். மெல்லிய டிஷ்யூ தாளைக் கிழித்து அந்த இணைப்பின்மேல் வைத்துச் சுடுங்கள். தாள் படபடத்தால் வளையத்தை மாற்றுங்கள், அல்லது அடியில் காகித வாஷர் வைத்து உயர்த்துங்கள்.

முதல் இருபது ரவைகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். தோல் தன் இடத்தைக் கண்டுகொள்ளும் வரை கொஞ்சம் புகையும் சத்தமும் வரும். பிறகு பத்து மீட்டரில் உட்கார்ந்து, முன்னால் தாங்கும் கையால் இறுக்கிப் பிடிக்காமல் துப்பாக்கியை உள்ளங்கையில் மிதக்கவிட்டுச் சுடுங்கள். அது இரு பக்கமும் உதைப்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைய இடம் கொடுக்க வேண்டும். 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியின் இலக்கு வட்டம் முழுவதும் 45.5 மில்லிமீட்டர்தான், நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். நம் துப்பாக்கியிடம் அவ்வளவு கேட்க வேண்டாம். ஐந்து ரவையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் மீட்பு வெற்றி.

வேகமானி கிடைத்தால் ஆற்றலையும் கணக்கிடலாம். அரை கிராம் ரவை விநாடிக்கு 150 மீட்டர் போனால் சுமார் 5.6 ஜூல், 173 மீட்டர் போனால் 7.5 ஜூல். எண்ணைவிட முக்கியம் சீர்மை: பத்து ரவைகளின் வேகம் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் வாஷர் நன்றாகப் பொருந்தியிருக்கிறது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பின்னரே சாப்பிடுங்கள். விசையேற்றிய நிலையில் ஒருபோதும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஸ்பிரிங் தளரும், ஆபத்தும் காத்திருக்கும். பூட்டுப் போட்ட பெட்டியில், எண்ணெய்த் துணி சுற்றி வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கட்டையின் அடிமுனைப் பட்டையை இரண்டு திருகில் கழற்ற முடிந்தால் உள்ளே கொஞ்சம் இடம் இருக்கும். ஒரு சிறு தாளில் தேதியும், நீங்கள் மாற்றிய பாகங்களும், வாஷரின் அளவும், எதைத் தொடாமல் விட்டீர்கள் என்பதும் எழுதி, பாலித்தீன் உறையில் மடித்து உள்ளே வைத்துத் திருகுங்கள். இன்னும் முப்பது ஆண்டு கழித்து வேறொருவர் இதே மேசை வேலையைத் தொடங்குவார். நான் அழித்துவிட்ட அந்தச் சின்ன எண்களைப் போல ஏதோ ஒன்று அவருக்குத் தேவைப்படும். அந்தத் தாளில் அது இருக்கட்டும்.